எலுமிச்சை இலையில கோடு போட்டது யாரு?

எங்க வீட்டு மாடியில அம்மா வளர்க்கிற தொட்டி எலுமிச்சை ஒண்ணு இருக்கு. செமஸ்டர் லீவுல போய்ப் பார்த்தா, துளிர் இலையெல்லாம் சுருண்டு, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடு. "வைரஸ்மா"ன்னு பெரிய ஆள் மாதிரி சொல்லி, துளிர் மொத்தத்தையும் கத்தரிச்சுட்டேன். கொஞ்ச நாள்ல புதுத் துளிர் வந்துச்சு. அதுலயும் அதே கோடு!

அது வைரஸ் இல்ல, இலைத்துளைப்பான். ஃபிலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லான்னு ஒரு குட்டி அந்துப்பூச்சி. 1856-ல ஸ்டெயின்டன் என்பவர் கல்கத்தா மாதிரிகளை வெச்சு இதுக்குப் பேர் வெச்சார். 1993-ல அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரைக்கும் போயிடுச்சு.

பூச்சியைத் தேடாதீங்க, கண்ணுல படுறது கஷ்டம். இறக்கையை விரிச்சாலே 4 மில்லிமீட்டர்தான். வெள்ளி நிறம், முன்னிறக்கை நுனியில ஒரு கறுப்புப் புள்ளி. அதனால கோட்டைப் படிங்க. இலையை மொபைல் டார்ச்சுக்கு எதிரே பிடிச்சா, வளைஞ்சு வளைஞ்சு போற வெள்ளித் தடத்துக்கு நடுவுல மெல்லிசா ஒரு கருங்கோடு தெரியும். அது புழுவோட எச்சம். தடம் போகப் போக அகலமாகும், ஏன்னா உள்ளே புழு வளருது. கடைசியா இலை ஓரத்தை மடிச்சு, அதுக்குள்ள கூட்டுப்புழுவாகும். இந்த மடிப்புதான் நல்ல அடையாளம்.

தக்காளி இலையிலயும் இப்படிக் கோடு வரும். அங்க பெரும்பாலும் ஆள் வேற, ஒரு சின்ன ஈ. எச்சம் நடுவுல இல்லாம ரெண்டு ஓரத்துலயும் மாறி மாறி இருக்கும். அந்தப் புழு கூட்டுப்புழுவாக இலையை விட்டு வெளியே வந்து மண்ணுல விழும்.

நான் பண்ணின தப்பு இப்பதான் புரிஞ்சுது. இந்தப் பூச்சிக்கு இளந்துளிர்தான் வேணும், முத்தின இலை பக்கம் வராது. நான் வெட்டினதால செடி மறுபடி துளிர்த்துச்சு. அதாவது பூச்சிக்கு நானே பந்தி போட்டிருக்கேன். கோடு விழுந்த இலையும் மிச்சப் பச்சையில உணவு தயாரிச்சுட்டுதான் இருந்திருக்கும். புழு இலைத் தோலுக்கு அடியில இருக்கிறதால மேலே அடிக்கிற மருந்து பலதும் அதைத் தொடாது. துளிர் வரும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிச்சா முட்டையிடுறது குறையும். காயம்பட்ட இலை வழியா கேங்கர்னு சொல்ற சொறிநோய் சுலபமா ஏறும், அதை மட்டும் கவனிக்கணும்.

சந்தேகம் இருந்தா, ஓரம் மடிஞ்ச இலை ஒண்ணைப் பறிச்சு கண்ணாடி பாட்டில்ல போட்டு துணியால மூடி வைங்க. நான் வெச்சேன். ஆறாம் நாள் காலைல பாட்டில் சுவத்துல அரிசி நொய் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், கறுப்புப் புள்ளி இருந்துச்சு.