அக்கா சொல்லித்தரும் கணக்கு

வார இறுதியானால் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நம்மில் பலருக்குப் பழகிப்போன வேலை. ஆரம்பக் கூட்டல் கழித்தலுக்கே காசு கட்டுகிறோம். ஆனால் நம்ம வீட்டிலேயோ நண்பர் வீட்டிலேயோ ஒரு நல்ல வாத்தியார் இருக்கலாம். வயது பன்னிரண்டு!

மெட்ராஸில் இருந்து போன முறை

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான். அவன் வாய்ப்பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். 1789ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். சொல்லித்தரும் வேலையை மாணவர்களிடமே விட்டார். 1797ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' பிரிட்டன், கனடா வரை பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

யாருக்கு லாபம்?

இரண்டு பேருக்கும்தான். 1982ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதுபோன்ற 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகள் மட்டுமல்ல, கற்றுக்கொடுத்தவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒதுங்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை இங்கே யோசித்துப் பாருங்கள். கழித்தலில் ஏன் கடன் வாங்குகிறோம் என்று ஒரு குட்டித் தம்பிக்கு விளக்கப் போனால், முதலில் தனக்கே அது புரிந்தாக வேண்டும். தன்னை நம்பி ஒருத்தன் கேட்கிறான் என்பதே பெரிய தெம்பு.

எட்டும் ஏழும்

பன்னிரண்டு குழி முட்டை அட்டையில் இரண்டு குழியை வெட்டிவிட்டால் பத்துக் குழி. அதில் எட்டுக் கொண்டைக்கடலை. வெளியே ஏழு.

"பத்தாக இன்னும் எத்தனை வேணும்?"

"ரெண்டு, அக்கா."

"ஏழுல இருந்து எடுத்துப் போடு. மிச்சம்?"

"அஞ்சு."

"பத்தும் அஞ்சும்?"

"பதினஞ்சு!"

கவனித்தீர்களா? பதினைந்து என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஐந்தும் தெளிவாகக் கேட்கிறது. ஜெர்மன் மொழியில் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று மாற்றிச் சொல்வார்கள். அங்கே வளரும் பிள்ளைகள் 21ஐ 12 என்று எழுதிக் குழம்புவதுண்டு. இருபத்தொன்று என்று தமிழில் சொன்னால், எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றுதான். கணக்கோடு தமிழும் வாயில் புழங்கும்.

தொடங்கும் முன்

• வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிஷம் போதும்.

• வயதில் மூன்று நான்கு வருஷ இடைவெளி இருந்தால் நல்லது. உடன்பிறந்தவர்கள் சண்டை பிடித்தால், நண்பர் வீட்டுப் பிள்ளையோடு மாற்றி விடுங்கள். தமிழ்ப் பள்ளி இடைவேளையும் தோதான நேரம்.

• பெரியவரிடம் ஒரே விதி சொல்லுங்கள்: விடையைச் சொல்லாதே, அடுத்த கேள்வியைக் கேள்.

• 'இதுகூடத் தெரியாதா?' என்ற பேச்சு வேண்டாம். அதிகாரம் பண்ணுவதைச் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்று நாம் சும்மா சொல்லவில்லை! பக்கத்து அறையில் இருந்து காது கொடுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

• பெரியவரின் பரீட்சை வாரத்தில் விடுமுறை கொடுங்கள். இது அவர் தலையில் கட்டிய வீட்டு வேலையாகிவிடக் கூடாது.

சில மாதம் கழித்தும் சின்னவர் பத்துக்குள்ளேயே தடுமாறினால் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். அதைச் சரிசெய்வது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பல்ல. மற்றபடி, இந்த வாரமே ஒரு முட்டை அட்டையை எடுத்து வையுங்கள்.