துவிச்சக்கர வண்டியும் செப்பனிடும் கலையும்

எளியோரின் ஊர்தி எனப் போற்றப்படுவது துவிச்சக்கர வண்டி. கொழும்பு மாநகரின் வடபால், துறைமுகத்துக்கும் புறக்கோட்டைச் சந்தைக்கும் அணித்தாய் அமைந்தது ஜிந்துப்பிட்டி. இத்தகைய நெருங்கிய தெருக்களில் உழைத்து வாழ்வோர்க்கு அவ்வண்டி பொழுதுபோக்குப் பொருளன்று. பிழைப்புக்குத் துணையாகும் கருவி. அதன் சட்டகம் விபத்தொன்றில் வளைந்தாலோ வெடித்தாலோ, பழைய இரும்பு வாங்குவோரிடம் அதனை நிறைக்குக் கொடுத்துவிடுவதே வழியெனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. உருக்குச் சட்டகம் செப்பனிடத் தக்கது. ஆயினும் பழுதுற்ற சட்டகம் ஒவ்வொன்றும் மீளும் எனக் கொள்ளலும் தவறே. மீள்வது எது, மீளாதது எது எனத் தெளிதலே இக்கலையின் உயிர்நாடியாகும்.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் 1885இல் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதன் சிறப்புகள். அதன் வழிவந்த வண்டிகளில், முக்கோணங்கள் இணைந்து சாய்சதுரம் போலத் தோன்றும் சட்டகம் விரைவில் நிலைபெற்றது. மேற்குழாய், கீழ்க்குழாய், இருக்கைக் குழாய், தலைக்குழாய் ஆகியவை முன்னே நிற்க, பின்சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய்கள் இணையிணையாகப் பின்னே செல்லும். குறைந்த எடையிற் பெருஞ்சுமை தாங்கும் வலிமை இவ்வமைப்புக்கு உண்டு.

உருக்குச் சட்டகத்தைச் செப்பனிட முடிவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, உருக்கின் இயல்பு. அது பெரும்பாலும் முறியுமுன் வளைந்து கொடுக்கும். வளைந்ததை ஓரளவு நிமிர்த்தவும் இயலும். இரண்டாவது, மூட்டுகளின் அமைப்பு. பழைய வண்டிகளிற் குழாய்களின் முனைகள் உருக்கு உறைகளுட் செருகப்பட்டு, பித்தளைப் பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். உருக்கு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒட்டுக்குரிய பித்தளையோ ஏறத்தாழ 900 பாகையில் உருகிவிடும். ஆதலின், குழாயை உருக்காமலே பித்தளையை மட்டும் இளக்கி, பழுதுற்ற குழாயைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தலாம்.

செப்பனிடுமுன் சோதித்தல் இன்றியமையாதது. வண்டி நேருக்கு நேர் மோதியிருப்பின், தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, மேற்குழாயினதும் கீழ்க்குழாயினதும் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். அங்கே வண்ணப்பூச்சு சுருங்கியோ வெடித்தோ இருப்பின், குழாய் மடிந்திருத்தல் கூடும். சட்டகம் நேராக உள்ளதா என அறிய ஒரு நூலே போதும். பின்சக்கரம் பொருந்தும் இடமொன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கத்து ஒத்த இடத்துக்கு இழுத்துக் கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருப்பின் சட்டகம் நேரானது, வேறுபடின் கோணியது.

கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் காட்டவும் எளிய வழியொன்று உண்டு. ஐயத்துக்குரிய இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்கு துடைத்தபின் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுதல் வேண்டும். வெடிப்பினுட் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்டூளிற் கருங்கோடாகத் தோன்றும். முற்காலத்திற் புகைவண்டிப் பட்டறைகளும் இம்முறையைக் கையாண்டன. வகுப்பறைச் சுண்ணக்கட்டி ஓர் உயிரைக் காக்கவும் வல்லது!

பற்றவைப்பதற்குமுன் துருவும் எண்ணெயும் வண்ணமும் முற்றாக நீக்கப்பட வேண்டும். அதன்பின் வெங்காரம் இட்டுச் சூடேற்றினால், அது உலோகத்தின்மேற் படியும் மாசினைக் கரைத்து விலக்கும். உருகிய பித்தளை நுண்ணிய இடைவெளியினுள் தானே ஈர்க்கப்பட்டுப் பரவும். வெப்பம் குறைந்தால் பித்தளை பரவாது. மிகுந்தால் உருக்கின் வலிமை கெடும். பணி முடிந்ததும் மெல்ல ஆறவிடுதல் நன்று. வெடிப்பின்மேல் உலோகத்தை அப்பி வண்ணம் பூசி மறைப்பது செப்பனிடுதல் ஆகாது. அது வாங்குவோனை ஏய்ப்பதாகும்.

இக்கலைக்கு எல்லைகளும் உள. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை வெடித்திருப்பின், அதனை நீக்கிப் புதியது பொருத்துவதே அறிவுடைமை. ஓடும்போது அது முறியுமாயின் ஓட்டுநர் தலைகுப்புற வீழ்வார். ஒரே இடத்தைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் உருக்கு இறுகி வெடிக்கும். உட்புறம் துருவேறி அரித்த குழாய் சூட்டைத் தாங்காது. அலுமினியக் கலவைச் சட்டகங்கள் பல, வெப்பப் பதனிடலால் வலிமை பெற்றவை. அவற்றைப் பற்றவைத்தால் அவ்வலிமை குன்றும். மீண்டும் பதனிடும் வசதி சிறு பட்டறைகளில் அரிது.

இவ்வறிவின் பயனை ஈழத்து வரலாறே உணர்த்தும். 1990இல் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு எரிபொருள் அருகியபோது, யாழ்ப்பாண மக்களைத் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. ஆசிரியர் பள்ளிக்கும், நோயாளர் மருத்துவமனைக்கும், விறகும் நெல்லும் சந்தைக்கும் அதிலேயே சென்றனவும் சென்றோரும் பல. 2022 யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, கொழும்பு மாநகரும் அவ்வண்டியின் அருமையை உணர்ந்தது. புதிய வண்டியின் விலை ஏறியதனால், மூலையிற் கிடந்த பழைய வண்டிகள் பட்டறைகளை நாடின. இத்தகைய காலங்களில், எறியப்பட்ட சட்டகம் ஒவ்வொன்றும் இழந்த ஊர்தி ஒன்றேயாம்.

ஆகவே, செப்பனிடுதல் காசை மிச்சப்படுத்தும் வழி மட்டுமன்று. காக்கத் தக்கதை எறிந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்புக் கெடும். எறியத் தக்கதைக் காத்தால் ஓர் உயிரே போகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் கண், ஏட்டுக் கல்வியும் கைத்தொழிலும் ஒருங்கு சேர்ந்தவிடத்தே பிறப்பது. உலோகங்களின் உருகுநிலையைப் பாடமாகக் கற்கும் மாணாக்கர், அதனைப் பட்டறை நெருப்பிலும் ஒருமுறை கண்டறிவாராயின், கற்ற கல்வி பயன் தரும். கைவினைஞரின் தொழிலும் அதற்குரிய மதிப்பைப் பெறும்.