நாடாப்புழுவும் சாதியப் பழியும்

பன்றி இறைச்சி உண்டால் மூளையில் புழு வரும், வலிப்பு வரும் என்ற பேச்சு கல்லூரி விடுதிகளிலும் வாடகை வீடு தேடும் இடங்களிலும் இன்றும் ஒலிக்கிறது. மருத்துவ அறிவுரைபோலத் தோன்றும் இப்பேச்சு, ஒடுக்கப்பட்ட மக்களின் உணவைத் தீட்டாக்கும் பழைய வேலையையே செய்கிறது. இதற்கு மறுமொழி கூற, பன்றி நாடாப்புழு பரவும் வழியை நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

இப்புழுவால் மனிதருக்கு இருவேறு நோய்கள் உண்டாகின்றன. புழுவின் நீர்க்கட்டிகள் உள்ள இறைச்சியை அரைவேக்காட்டில் உண்டால், குடலில் நாடாப்புழு வளரும். இது பெரும்பாலும் கடுமையற்றது, மருந்தால் குணமாகும். ஆனால் அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. அம்மலத்தை உண்ணும் பன்றியின் தசையில் அவை மீண்டும் கட்டிகளாகின்றன. அதே முட்டைகள் குடிநீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக மனிதரின் வயிற்றுக்குள் சென்றால், இளம்புழுக்கள் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து கட்டிகளாகத் தங்கக்கூடும். வலிப்பை உண்டாக்குவது இந்த இரண்டாவது நோயே. இந்நோய் நிலவும் பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே, மூளைக்குச் செல்லும் புழு இறைச்சியிலிருந்து நேரடியாக வருவதில்லை. மனித மலத்திலிருந்து வருகிறது. பன்றி இறைச்சியைச் சமய நெறியால் விலக்கிய யூதர் நால்வர் நியூயார்க்கில் இந்நோய்க்கு ஆளானதை 1992இல் ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. அவர்கள் வீடுகளில் பணிபுரிந்தோரின் குடற்புழுவே மூலமாகக் கருதப்பட்டது. பணியாளர்மீது பழி சுமத்துவது இதற்குத் தீர்வன்று. பரிசோதனையும் சிகிச்சையும் அவர்களுக்கும் எட்டுவதே தீர்வு.

சமையலறையில் செய்யவேண்டியவை எளியவை. இறைச்சியில் அரிசிமணி போன்ற வெண்கட்டிகள் தென்பட்டால் வாங்கக் கூடாது. கொத்திய இறைச்சியின் உட்புறம் 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டவேண்டும். நன்கு கொதிக்கும் குழம்பில் சிறு துண்டுகள் இதைக் கடந்துவிடும். உள்ளே வேகாத பெரிய துண்டுகளிலும் நெருப்பில் வாட்டியவற்றிலுமே கவனம் தேவை. பச்சை இறைச்சிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை வைத்துக்கொள்ளலாம். கீரையையும் பச்சையாக உண்ணும் காய்களையும் தூய நீரில் பலமுறை அலசவேண்டும். மலங்கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுவது இவையனைத்திலும் முதன்மையானது. வலிப்பு வந்தவருக்குத் தாமாகப் புழு மருந்து கொடுக்கக் கூடாது. மூளையில் கட்டி இருந்தால் அது வலிப்பை மேலும் தூண்டக்கூடும்.

ஆயினும், குழாயும் கழிப்பறையும் இல்லாத குடியிருப்பிடம் கைகழுவச் சொல்வது பாதி அறிவுரையே. மறுபாதி அரசின் கடமை. மாசற்ற நீர், வாழ்வுரிமையான பிரிவு 21இல் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுத்து, தூய சமுதாயக் கழிப்பறைகளைக் கட்டும் பொறுப்பை 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்துள்ளது. பட்டியல் சமூகத்தினர் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கிராம சபையில் எழுத்து வடிவில் கேட்கவேண்டியவை மூன்று: நமது தெருவுக்குக் குடிநீர்க் குழாய், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, இறைச்சிக் கூடத்தில் முறையான பரிசோதனை. தீர்மானத்தின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் அதுவே முதல் ஆவணம்.