ஸ்பீக்கர் கம்பி அறுந்தால்...

எங்கள் ஊரில் 1960-களில் வாங்கிய வால்வு ஆம்பிளிபயர் ஒன்று இன்றும் உழைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா முன்னிரவில் அதன் ஒலி திடீரென நின்றது. பனைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியை யாரோ காலால் இடறிவிட்டனர். இதை அறியாத இளைஞர், ஒலியைக் காணோமே என்று குமிழை வலப்புறம் முழுவதும் திருப்பினார். சில நொடிகளில் பெட்டிக்குள் நீலப்பொறி பறந்தது. பின்னர் கருகிய நாற்றம். வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் போயிற்று. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஸ்பீக்கர் இல்லையெனில் ஆம்பிளிபயருக்கு ஓய்வுதானே என்று எண்ணத் தோன்றும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்; அதற்குப் பகை, இரு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும் 'ஷார்ட்' ஆகும். வால்வு செட்டிலோ நிலைமை தலைகீழ். இ.எல்.34 போன்ற வால்வுகளின் ஆனோடில் 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கிறது. வால்வு மின்னோட்டத்தை ஏற்றியிறக்க, அவ்வாற்றல் டிரான்ஸ்பார்மர் வழியே ஸ்பீக்கரில் செலவாகிறது. ஸ்பீக்கர் அகன்றால், சுருளின் காந்தப்புலத்தில் தங்கும் ஆற்றலுக்குப் போக்கிடமில்லை. வால்வு மின்னோட்டத்தை வெட்டும் ஒவ்வொரு முறையும் அது உயரழுத்தமாய் எகிறி, ஆயிரம் வோல்ட்டையும் தாண்டக்கூடும். வால்வின் சாக்கெட்டிலோ, சுருளின் காப்பிலோ, எங்கே நலிவுண்டோ அங்கே பொறி பாய்கிறது. பெட்ரோல் காரின் இக்னிஷன் காயில் பொறி தருவதும் இவ்விதியினால்தான்.

ஆதலால் ஒலி நின்றால் முதலில் குமிழை இடப்புறம் திருப்புக. பிறகே கம்பியைத் தேடுக. குமிழ் தாழ்ந்திருக்கையில் ஆபத்து மிகக் குறைவு.

மனிதக் கை மறக்கும் என்பதால் கருவிக்குள்ளும் காவல் வேண்டும். 8 ஓம் வெளியீட்டின் குறுக்கே 220 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றை நிலையாக இணைப்பது எளிய வழி. ஒலி குன்றுமோ என்று அஞ்சுவோர் உளர். 30 வாட்டில் இதற்குப் போவது ஒரு வாட்டுக்குச் சற்று மேல், காதுக்குத் தெரியாது. ஆனால் இது ஸ்பீக்கருக்கு மாற்று அன்று. அவகாசம் தரும், அவ்வளவே. அமெரிக்காவின் பெண்டர் கித்தார் ஆம்பிளிபயர்கள் பலவற்றில், பிளக்கை உருவியதும் வெளியீட்டை ஷார்ட் செய்துவிடும் ஜாக் உண்டு. நல்ல ஏற்பாடுதான், எனினும் நடுவழியில் அறும் கம்பிக்கு அது உதவாது. இரட்டை வால்வு செட்டுகளில் ஒவ்வோர் ஆனோடுக்கும் சேஸிஸுக்குமிடையே 1என்4007 டயோடுகளை மும்மூன்றாகத் தொடரிணைப்பில் வைப்பதும் உண்டு. அதைப் பழகிய மெக்கானிக்கே செய்யட்டும்: சுவிட்சை அணைத்த பின்பும் கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் டிரான்ஸ்பார்மரைப் புதிதாய்ச் சுற்றி வாங்கினோம், ரெசிஸ்டரும் ஏறியது. அடுத்த ஆண்டே ஓர் ஆடு கம்பியை இழுத்துவிட்டது. இம்முறை இளைஞரின் கை இடப்புறம் திரும்பிற்று.