லேபிளில் பெயரில்லாத உழைப்பாளிகள்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம், தி. நகர் பாண்டி பஜார், அடையாறு காந்தி நகர் என்று எங்கே வேண்டுமானாலும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து குளிர்பெட்டியைப் பாருங்கள். பால், தயிர், வெண்ணெய், பனீர், குளிர்பானம் எல்லாம் இருக்கும். பீர் இருக்காது. லண்டனில் காய்கறி வாங்கப் போகிறவர் சிறு ஆலைகளில் காய்ச்சிய பீர் வகைகளையும் அதே கடையில் எடுத்துக்கொண்டு வரலாம். தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக்கின் கையில்தான் 2003 முதல் சில்லறை மது விற்பனை இருக்கிறது. மளிகைக் கடைக்கு அதில் இடமில்லை.

ஆனால் அதே குளிர்பெட்டியில், தயிருக்குப் பக்கத்திலேயே, தானியத்தைப் புளிக்க வைத்துச் செய்த வேறொரு பண்டம் அடுக்கடுக்காக இருக்கிறது. இட்லி, தோசை மாவு. உலகமெங்கும் கைவினை பீர் பிரியர்கள் எதைத் தேடி அலைகிறார்களோ அது அத்தனையும் இந்த ஒரு கிலோ பாக்கெட்டில் உண்டு. சிறு அளவில், பக்கத்துத் தெருவில் செய்தது. சூடாக்கிக் கொல்லப்படாதது. சில நாள் ஆயுள் மட்டுமே கொண்டது. வாங்கும் நேரத்தில் உள்ளே உயிரோடு வேலை நடந்துகொண்டிருப்பது.

அந்தப் பாக்கெட்டின் லேபிளில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர் என்று எழுதியிருக்கும். மாவைப் பொங்க வைப்பவர்களின் பெயர் மட்டும் இருக்காது. 1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் பீருக்காக ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது அது. பீரைப் பீராக்கும் ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அப்படி ஓர் உயிர் இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இட்லி மாவின் கதையும் அதுவே.

யார் இவர்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஊரில் இயங்கும் வேளாண் ஆய்வு நிலையத்தில், முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இட்லி மாவு புளிக்கும்போது அதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 1965இல் முடிவை வெளியிட்டார்கள். மாவைப் பொங்க வைக்கும் முதன்மைப் பணியாளர் லூக்கோநோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று அவர்கள் காட்டினார்கள். நீளமான பெயர்தான். ஆனால் நம் வீட்டில் தினமும் குடியிருப்பவர் என்பதால் ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிப் பார்க்கலாம்.

இதே இனம்தான் ஜெர்மனியில் முட்டைக்கோஸ் ஊறுகாயையும் கொரியாவில் கிம்ச்சியையும் புளிக்கத் தொடங்கி வைக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றுக்குள் புகுந்தால் கொழகொழவென்று ஒரு பொருளை உண்டாக்கிக் குழாயை அடைத்துவிடும். டெக்ஸ்ட்ரான் என்ற அந்தக் கொழகொழப்பைச் சுத்திகரித்து, ரத்தம் இழந்தவர்களின் நரம்பில் ஏற்றும் திரவமாக மருத்துவமனைகள் பயன்படுத்தியிருக்கின்றன. ஆலைக்குத் தொல்லை, மருத்துவமனைக்கு மருந்து, நமக்கு இட்லி.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பீர் காய்ச்சுபவர் ஈஸ்ட்டைத் தனியாக வாங்கிச் சேர்க்கிறார். தயிருக்கு உறை ஊற்றுகிறோம். இட்லி மாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. உளுந்தின் மேலும் அரிசியின் மேலும் ஒட்டிக்கொண்டு அவர்கள் முன்பே வந்துவிடுகிறார்கள். உலர்ந்த தானியத்தில் ஒடுங்கிக் கிடந்தவர்கள் ஊற வைத்த தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்கிறார்கள். ஊறும் நேரத்திலேயே பெருகத் தொடங்கி, அரைத்த பிறகு இன்னும் வேகமெடுக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு கிராம் மாவில் நூறு கோடியைத் தாண்டிவிடுகிறார்கள் என்று 1965 ஆய்வு கணக்கிட்டது. அப்படியானால் புளித்து முடித்த மாவில் பத்து கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி, பூமியில் வாழும் மொத்த மனிதர்களையும் விட அதிகமான உயிர்களைத் தாங்கி நிற்கிறது.

கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும், கைராசி வேண்டும் என்று வீடுகளில் சொல்வார்கள். கையால் கரைக்கும்போது உப்பும் இரண்டு மாவும் சீராகக் கலக்கும் என்பது உண்மை. ஆனால் கையே படாமல் தயாராகும் மாவும் பொங்குகிறது. ராசி தானியத்திலேயே இருக்கிறது.

உளுந்து செய்யும் வேலை

லூக்கோநோஸ்டாக் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைத்தால் மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. லாக்டிக் அமிலம் மாவைப் புளிக்க வைக்கிறது. கரியமில வாயு பொங்க வைக்கிறது. மூன்றாவது, எத்தனால். பீரில் இருக்கும் அதே மூலக்கூறுதான். மாவில் அது மிகச் சொற்பமாகவே உண்டாகும். இட்லிப் பானையின் ஆவியில் பெரும்பாலும் பறந்துபோய்விடும். ஈஸ்ட் அதே குளுக்கோஸிலிருந்து எத்தனாலும் கரியமில வாயுவும் மட்டும் தருகிறது. ஒரே இனிப்பு, இரண்டு உயிர்கள், இரண்டு வழிகள். ஒன்று மதுவில் போய் முடிகிறது, மற்றொன்று குழந்தைக்கு முதல் முதலாக ஊட்டும் பலகாரத்தில் போய் முடிகிறது.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் தங்க வேண்டும். பீரில் எழும் குமிழி மேலே வந்து நுரையாகி உடைந்துவிடுகிறது. கோதுமை ரொட்டியில் குளூட்டன் என்ற புரதம் வாயுவைப் பிடித்து வைக்கிறது. அரிசியில் குளூட்டன் இல்லை. பிறகு இட்லி எப்படி உப்புகிறது?

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970களில் இதற்கு விடை கண்டார்கள். உளுந்தில் இரண்டு பொருள்கள் கைகோத்து வேலை செய்கின்றன. ஒன்று, குளோபுலின் என்ற புரதம். சோப்பு தண்ணீரில் செய்வதைப் போல இது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, குமிழிகள் எளிதில் உருவாக வழிசெய்கிறது. மற்றொன்று, அராபினோகாலக்டன் என்ற கொழகொழப்பான மாச்சத்து. உருவான குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடாமல், ஆவிச் சூட்டிலும் கலையாமல் இது தாங்கிப் பிடிக்கிறது. ஒரு கைப்பிடி வெந்தயத்தின் பிசினும் இதற்குத் துணை. பச்சைப் பயறோ துவரையோ ஏன் உளுந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை என்பதற்கு இந்தக் கூட்டணிதான் காரணம்.

உளுந்து காண வேண்டும் என்று மாவாட்டும் பெண்கள் சொல்வது இந்த நுரையைத்தான். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டும்போது கல்லுக்கும் குழவிக்கும் இடையே காற்று அடங்கி, பந்து பந்தாக மாவு எழும்பி வரும். மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுழன்று மாவைச் சூடாக்கிவிடும். கல் அவ்வளவு சூடாக்காது. 1955இல் கோவையில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் அந்த நிதானத்தை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தது. தெருவுக்குத் தெரு மாவு விற்கும் தொழில் சென்னையில் வளர்வதற்கு அந்த இயந்திரம் இல்லாமல் வழியே இருந்திருக்காது.

அங்கே பகைவன், இங்கே நண்பன்

பீர் ஆலைக்கும் மாவுக் கடைக்கும் உள்ள உறவில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது ஹாப்ஸ் பூ. பீரின் கசப்புக்காக அதைச் சேர்க்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கசப்புப் பொருள்கள் லாக்டிக் அமில பாக்டீரியாக்களை அடக்கி வைக்கின்றன. பீடியோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் போன்றவை புகுந்தால் பீர் புளித்துக் கெட்டுவிடும். அவற்றின் பெயரைக் கேட்டாலே ஆலைக்காரர்கள் அஞ்சுவார்கள். நம் மாவிலோ லூக்கோநோஸ்டாக் தொடங்கிய வேலையைப் பின்னால் வந்து தொடர்பவர்களில் பீடியோகாக்கஸும் ஒருவர். அங்கே ஆயிரம் ஆண்டுகளாக வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர் இங்கே வீட்டு ஆளாகவே இருக்கிறார்.

இவர்கள் உண்டாக்கும் அமிலமே மாவுக்குக் காவல். அரைத்தவுடன் மாவின் பிஎச் அளவு சுமார் 6.5. நன்றாகப் புளித்ததும் 4.5 அருகே இறங்கிவிடும். பிஎச் அளவில் ஒரு படி இறங்குவது என்றால் பத்து மடங்கு அமிலத்தன்மை. இரண்டு படி என்றால் நூறு மடங்கு. நோய் பரப்பும் பல கிருமிகளால் அந்தப் புளிப்பில் பெருக முடியாது.

அந்தப் பிஎச் அளவுகோலே ஒரு பீர் ஆலையின் கொடை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் 1909இல் சோரென்சென் அதை வகுத்தார். அதே ஆய்வகத்தில் 1883இல் எமில் ஹான்சென் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கிக் காட்டினார். அதன் பிறகு பெரிய ஆலைகளின் பீர் ஆண்டு முழுவதும் ஒரே சுவையில் வரத் தொடங்கியது. பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற பீரைக் காய்ச்சுபவர்கள் மட்டும் அந்த வழிக்குப் போகாமல், காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களை நம்பியே இன்றும் காய்ச்சுகிறார்கள். உலகமே அதை அரிய கலையாகப் போற்றுகிறது. சென்னையில் ஒவ்வொரு சமையலறையும் ஒவ்வொரு மாவுக் கடையும் எந்த விளம்பரமும் இல்லாமல் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது.

ஊரின் சூடும் பெட்டியின் குளிரும்

30 டிகிரி அருகே இந்தப் பாக்டீரியாக்கள் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். சென்னை அவர்களுக்காகவே அமைந்த ஊர். கோடையில் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். மார்கழியில் இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். டொரொன்டோவில் வாழும் தமிழர்கள் குளிர்காலத்தில் ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, உள்ளே மாவுப் பாத்திரத்தை வைக்கிறார்கள். அவர்கள் அங்கே உண்டாக்குவது ஒரு சின்னச் சென்னை இரவு.

கடையின் குளிர்பெட்டி வேலையை முழுவதுமாக நிறுத்துவதில்லை. மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். லூக்கோநோஸ்டாக் இனங்கள் குளிரைத் தாங்கக்கூடியவை. அதனால்தான் பெட்டியில் இருக்கும் பாக்கெட்டும் நாளாக ஆக உப்புகிறது, புளிப்பு ஏறுகிறது. பெரிய ஆலையின் பாட்டில் பீரைப் பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவதால் மாதக்கணக்கில் அது மாறாமல் இருக்கும். மாவை அப்படிச் சூடாக்கினால் வெந்துவிடும். எனவே ஆட்டிய இடத்திலிருந்து வேன், கடை, உங்கள் வீடு என்று வழி நெடுகக் குளிர் அறுபடாமல் இருந்தாக வேண்டும். மே மாத மதியத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பாக்கெட்டுக்கு லேபிளில் இருக்கும் தேதி பொருந்தாது.

நம் வீடுகளில் மாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மேல் ஊத்தப்பம், பணியாரம். சிக்கனத்துக்காகச் செய்தது போலத் தெரிந்தாலும் இதற்குள் வேதியியல் இருக்கிறது. அமிலம் ஏற ஏற, வாயுவைப் பிடித்து நிற்கும் அமைப்பு தளர்ந்து குமிழிகள் கலைகின்றன. இட்லி தட்டையாகிவிடும். கல்லில் மெல்லியதாக விரியும் தோசைக்கு அவ்வளவு குமிழி தேவையில்லை. ஊத்தப்பத்துக்கோ வெங்காயத்தோடு சேரும் அந்தப் புளிப்பே சுவை.

ஆகவே மாவு வாங்குபவருக்கு மிகவும் வேண்டிய தகவல் கெட்டுப்போகும் தேதி அல்ல, ஆட்டிய நேரம். கைவினை பீர் வாங்குபவர்கள் டப்பாவைத் திருப்பி, அடைத்த தேதியைத் தேடிப் பார்ப்பது வழக்கம். புதிதாக இருந்தால்தான் வாங்குவார்கள். நாமும் கேட்கலாம். “இது எப்போ ஆட்டினது?” என்று கடைக்காரரிடம் கேட்டால், காலையில் வந்ததா, நேற்று இரவு வந்ததா என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். பை லேசாக உப்பியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள், பயப்பட வேண்டாம். பலூன் போல விறைத்திருந்தால் இட்லிக்கு வேண்டாம். நிறம் மாறியிருந்தாலோ, பூசணம் தெரிந்தாலோ, புளிப்பைத் தாண்டிய நாற்றம் அடித்தாலோ எதற்குமே வேண்டாம்.

மாவு ஆட்டி விற்பவர்களில் பலர் இரண்டு கிரைண்டர்களோடு வீட்டு முன்னறையில் தொழில் செய்பவர்கள். எந்த அரிசி, எவ்வளவு உளுந்து, வெயிலுக்கு எத்தனை மணி, மழைக்கு எத்தனை மணி என்று அவர்கள் விரல் நுனியில் வைத்திருப்பது நொதித்தல் அறிவியல். அதற்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை. பாக்கெட்டின் மேல் ஆட்டிய நாளும் மணியும் ஒரு வரி அச்சாகட்டும். நேர்மையாக ஆட்டுகிறவருக்கு அது பெருமை, வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு.