வட சீமோர் தீவு

வட சீமோர் தீவு என்பது எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள, மக்கள் வாழாத ஒரு சிறு தீவாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 1.9 சதுர கிலோமீட்டர். வானூர்தி நிலையம் அமைந்துள்ள பால்ட்ரா தீவுக்கு வடக்கே, ஒரு குறுகிய கடற்காலுக்கு அப்பால் இது உள்ளது. கடற்பறவைகளையும் நிலப் பேரோந்திகளையும் காண்பதற்காகப் பயணிகள் படகில் சென்று சில மணி நேரத்தில் திரும்பும் இடமாக இது அறியப்படுகிறது.

நில அமைப்பு

கலாபகோசின் பெரிய தீவுகள் எரிமலைகளின் உச்சிகளாகும். வட சீமோரோ கடலடியில் பரவிய எரிமலைக் குழம்புப் பாறை மேலெழும்பியதால் உருவானது. எனவே இது ஏறக்குறைய தட்டையானது. வறண்ட நிலமாதலால் குட்டையான பாலோ சாந்தோ மரங்களும் சப்பாத்திக்கள்ளிகளுமே மிகுதி. ஆண்டின் பெரும்பகுதியில் இம்மரங்கள் இலையின்றி, பட்டுப்போனவை போலத் தோன்றும், மழைக்காலத்தில் தளிர்க்கும்.

படகுப் பயணம்

சாந்தா குரூஸ், பால்ட்ரா ஆகிய தீவுகளுக்கு இடையேயுள்ள இத்தபாக்கா கால்வாயிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. தீவில் படகுத்துறை கிடையாது. பயணிகள் சிறு படகுக்கு மாறி, கரையிலுள்ள பாறைகளின் மீது இறங்க வேண்டும். அங்கிருந்து குறியிடப்பட்ட ஒற்றையடிப் பாதை தீவின் உட்பகுதி வழியாகச் சுற்றி வருகிறது.

பறவைகள்

நீலக்கால் பூபிகள் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. சில வேளைகளில் நடைபாதையிலேயே அடைகாப்பதால் பயணிகள் விலகிச் செல்ல நேரிடும். ஆண் பறவை தன் கால்களை மாறிமாறித் தூக்கிக் காட்டிப் பெண் பறவையைக் கவரும். கால்களின் நிறத்துக்கு உணவாகும் மீன்களிலிருந்து கிடைக்கும் நிறமிகளும் காரணமாதலால், பளிச்சென்ற நிறம் நல்ல உடல்நலத்தைக் காட்டுகிறது.

கப்பற்பறவைகளின் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் தொண்டைப் பையைச் சிவப்புப் பலூன் போல ஊதிக்கொள்கின்றன. இவற்றின் இறகுகள் நீரில் நனைந்துவிடும் என்பதால் இவை கடலில் இறங்குவதில்லை. நீர்ப்பரப்பிலிருந்து இரையைக் கொத்தி எடுக்கும். பிற பறவைகளைத் துரத்தி அவற்றின் இரையையும் பறிக்கும். கரையோரத்தில் கடற்சிங்கங்களையும் கடற்பேரோந்திகளையும் காணலாம்.

நிலப் பேரோந்திகள்

இத்தீவில் முற்காலத்தில் நிலப் பேரோந்திகள் இருக்கவில்லை. 1932, 1933 ஆண்டுகளில் ஆலன் ஹான்காக்கின் ஆய்வுப் பயணக் குழுவினர் பால்ட்ராவில் பேரோந்திகள் உணவின்றி மெலிந்திருப்பதைக் கண்டு, சுமார் 70 விலங்குகளை இங்குக் கொண்டுவந்து விட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது பால்ட்ராவில் அமெரிக்க வான்படைத் தளம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அங்கிருந்த பேரோந்திகள் முற்றாக அழிந்தன. ஆளில்லாத வட சீமோரில் மட்டும் அவ்வினத்தொகை எஞ்சியது. 1980களில் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்தில் இவற்றின் வழித்தோன்றல்கள் வளர்க்கப்பட்டு, 1991 முதல் பால்ட்ராவில் மீண்டும் விடப்பட்டன.

பின்னர் வட சீமோரில் பேரோந்திகள் பெருகி உணவுப் பற்றாக்குறை ஏற்படும் நிலை வந்தது. 2019 சனவரியில் 1,436 பேரோந்திகள் சாந்தியாகோ தீவுக்கு மாற்றப்பட்டன. 1835இல் சார்லஸ் டார்வின் கண்டு பதிவு செய்த பின்னர் அத்தீவில் நிலப் பேரோந்திகள் மறைந்துபோயிருந்தன.

எலிகளும் பயணிகளுக்கான விதிகளும்

தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு எலிகள் பேரிடர். 2007இல் எலி ஒழிப்பு நடந்தும், 2018இல் எலிகள் மீண்டும் காணப்பட்டன. 2019இல் ஆளில்லா வானூர்திகள் மூலம் நச்சுணவு தூவப்பட்டது. மக்கள் வாழாத தீவுக்கும் ஆபத்து படகேறி வரக்கூடும் என்பதாலேயே விதிகள் கடுமையாக உள்ளன. தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி இறங்கக் கூடாது. பாதையை விட்டு விலகுதல், விலங்குகளை 2 மீட்டருக்குள் நெருங்குதல், உணவளித்தல், கல்லையோ சிப்பியையோ எடுத்துச் செல்லுதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. இங்குள்ள உயிரினங்கள் மனிதரைக் கண்டு அஞ்சி ஓடுவதில்லை. எனவே இடைவெளியைக் காக்கும் பொறுப்பு வருபவரையே சாரும்.