அயலும் பிள்ளைகளும்: ரொறன்ரோவில் குடியிருப்புத் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னிடம் புவியியல் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். மனைவிக்குக் கிடைத்த வேலை அனுமதியில் குடும்பமாக ரொறன்ரோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு ஏழு வயதும் நான்கு வயதும். "சேர், சின்னப் பிள்ளையளோடை இருக்க எந்த இடம் நல்லது?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மூன்று இடங்களின் பெயர்களையும் அங்குள்ள பாடசாலைகளின் புள்ளிகளையும் அவரே ஒப்புவித்தார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "அங்கை அயல் எப்பிடி சேர்?" என்றார்.

இந்தக் கடைசிக் கேள்வி யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். ஊரில் ஒரு காணி வாங்குமுன் அயலை விசாரிப்பது சாதியை விசாரிப்பது. இங்கே அதே சொற்கள் கறுப்பின மக்கள் இருக்கிறார்களா, அரச உதவிப்பணத்தில் வாழ்வோர் இருக்கிறார்களா என்று விசாரிக்கின்றன. 2011இல் ஐந்து வயது மகனுடனும் இரண்டு வயது மகளுடனும் வந்திறங்கியபோது நானும் இப்படித்தான் கேட்டேன். எனவே அந்த மாணவரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. கேள்வி பிழை என்று கண்டுகொள்ள எனக்கு ஐந்து ஆண்டுகளும் ஒரு வீடும் செலவாயின என்பதை மட்டும் சொல்லலாம்.

விரிவுரையாளனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரைந்த படங்களுள் ஒன்று ஏர்னஸ்ட் பேர்ஜஸின் ஒருமைய வலயப் படம். 1925இல் சிக்காகோ நகரை வைத்து அவர் சொன்னதன் சாரம் இது: நகரின் நடுவில் வணிகம், அதைச் சுற்றிப் பழுதடைந்த வீடுகள் கொண்ட மாறுநிலை வலயம், புதிதாக வரும் குடியேறிகள் முதலில் அங்கே தங்குவர், கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு வளையமாக வெளியே நகர்வர். ரொறன்ரோத் தமிழர் தம் கதையைச் சொல்லும்போது பேர்ஜஸைப் படிக்காமலே அவருடைய படத்தைத்தான் சொல்கிறார்கள். 1983இன் பின் வந்தவர்களில் பலர் நகரின் நடுவே, வெல்லஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை அண்டிய சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் ஓர் அறையைப் பலராகப் பங்கிட்டு வாழ்ந்தனர். பிறகு ஸ்காபரோ. பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன். ஒவ்வொரு நகர்வும் ஒரு படி ஏறுதல் என்பது எம்மவர் கணக்கு. திருமணப் பேச்சில்கூட எந்த இடத்தில் வீடு என்பது ஒரு தகைமை.

ஒன்றை இடையில் குறிப்பிட வேண்டும். சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிகள் 1960களில் எழுந்தபோது, கட்டியவர்கள் மனதில் இருந்தவர்கள் பிள்ளைகுட்டி இல்லாத இளம் உத்தியோகத்தர்கள். "வளர்ந்தவர்களுக்கு மட்டும்" என்று சொல்லித் தொடர்மாடிகள் பிள்ளைகளை விலக்குவதற்கு 1986 வரை ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவையிலேயே இடம் இருந்தது. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டதும் அதே 1986இல்தான். இன்று பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுப்பது சட்டவிரோதம். ஆயினும் பிள்ளைகள் சத்தம் போடுவார்களா என்று நிலவறைக்கு வீட்டுக்காரர் விசாரிப்பதும், ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதும் ஓயவில்லை. கேட்பவர் பெரும்பாலும் எங்கள் ஆள். ஒன்ராறியோச் சட்டப்படி அவர் வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகையை மட்டுமே.

பேர்ஜஸின் படத்துக்கு வருவோம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹல்சான்ஸ்கி 1970 முதல் 2005 வரையான வருமானப் புள்ளிகளை நகர வரைபடத்தில் இட்டுப் பார்த்தார். 1970இல் நகரின் கணிப்பீட்டுப் பகுதிகளில் 66 வீதமானவை நடுத்தர வருமானப் பகுதிகள். 2005இல் அது 29 வீதம். செல்வம் நகரின் நடுவிலும் சுரங்க ரயில் பாதைகளின் ஓரத்திலும் சேர்ந்தது. வறுமை வடகிழக்குக்கும் வடமேற்குக்கும் தள்ளப்பட்டது. அதாவது எம்மவர் வளையம் வளையமாக வெளியே "ஏறிய" காலத்தில் நகரம் தன்னைப் புரட்டிப் போட்டுவிட்டது. நாங்கள் ஏறியது ஓரளவுக்கு உண்மை. வெளியே தள்ளப்பட்டதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நாங்கள் விரும்புவதில்லை.

இனி என் சொந்த அனுபவம். முதல் மூன்று ஆண்டுகள் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தோம். யன்னல் நில மட்டத்தில்; மாரியில் பனி மூடினால் பகலிலும் விளக்கு. நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். மனைவிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பகல் வேலை. மேலே வீட்டுக்கார ஆச்சி யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்தபடியே இருப்பார். மகன் பாடசாலையால் வரும் நேரம் அவருக்குத் தெரியும். அவர் செய்ததற்கு நாங்கள் ஒரு சதமும் கொடுத்ததில்லை. அதை ஒரு வேலையாக நினைத்ததும் இல்லை.

2014இல் ஏஜாக்ஸில் ஒரு ரவுண்ஹவுஸ் வாங்கினோம். நண்பர்கள் சொன்னார்கள், உறவினர் சொன்னார்கள், பாடசாலையின் புள்ளியும் சொன்னது. வீடு நல்ல வீடு, தெரு அமைதியான தெரு. அமைதிக்குக் காரணம் பகலில் அங்கே எவரும் இல்லை என்பதுதான். மோட்கேஜ் கட்டுவதற்காக எல்லோரும் எங்களைப் போலவே ஸ்காபரோவிலும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போயிருந்தார்கள். 2016 தையில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் விபத்து. மனைவி வந்த வாகனம் நகரவில்லை. நான் இயந்திரத்தின் முன் நின்றேன், தொலைபேசி பெட்டகத்தில். ஒன்பது வயதுப் பையனும் ஆறு வயதுப் பிள்ளையும் பூட்டிய கதவின் முன் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றார்கள். மகன் தன் கையுறையைக் கழற்றித் தங்கைக்கு இரண்டாவது சோடியாகப் போட்டிருந்தான். அடுத்தடுத்து ஐந்து வீடுகளின் மணியை அழுத்திப் பார்த்ததாகச் சொன்னான். பாடசாலையிலோ அயலவரிலோ பிழையில்லை. அங்கே அயல் என்று ஒன்று இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் வீட்டை விற்று ஸ்காபரோவுக்குத் திரும்பினோம், 1970களில் கட்டிய ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு. "இறங்கிப் போட்டினம்" என்று சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் இந்த இதழின் வாசகர்கள், அவர்கள்மீது கோபமில்லை. எதிர்க்கதவில் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். மனைவி பிந்தும் நாள்களில் எங்கள் பிள்ளைகள் அவர் வீட்டில் சோறும் அவரையும் சாப்பிட்டார்கள். அவருடைய பேரன் எங்கள் வீட்டில் புட்டு. 2011இல் குரலைத் தாழ்த்தி நான் விசாரித்தது இவர் போன்றவர்களைத்தான்.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலில், ஒரு தெருவைக் காப்பது பொலிசு மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களே என்று வாதிட்டார். உயரமான மாடிகளை அவருக்குப் பிடிக்காது. எங்கள் கட்டடத்தைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் எங்கள் மாடியின் நடைபாதை ஊரின் ஒழுங்கை மாதிரித்தான் நடந்துகொண்டது. அந்த ஜேக்கப்ஸும், வியட்நாம் யுத்தத்துக்குத் தம் மகன்மார் பிடிபடக்கூடாது என்று 1968இல் நியூயோர்க்கை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தவர்தான் என்பதை எம்மவர்க்குச் சொல்லி வைப்பது நல்லது.

ஆகவே மாணவருக்கு நான் சொன்னது: இடத்தின் பெயரை விடு, பின்னேரம் மூன்றரை மணியிலிருந்து தொடங்கு. பாடசாலை விட்டபின் நீங்கள் இருவரும் வீடு வரும்வரை உள்ள நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு? இதற்கு விடை இருக்கும் இடம் பிள்ளைக்கு ஏற்ற இடம். பிள்ளையைத் தனியே விடப் பன்னிரண்டு வயது போதும் என்று எம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. சட்டம் அப்படி ஓர் எண்ணைச் சொல்லவில்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தகுந்த கண்காணிப்புக்கு ஒழுங்கு செய்யாமல் விட்டுச்செல்லக் கூடாது என்றே ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது.

நான்கு வயதுப் பிள்ளை அரச பாடசாலையில் பாலர் வகுப்புக்கு முழுநாளும் போகலாம், அதற்குக் கட்டணமில்லை. அதற்கு முன்னும் பின்னுமான நேரத்துக்குத்தான் பராமரிப்பு நிலையம். பொதுத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 22 டொலர் என்ற உச்சவரம்பு 2025 தையில் வந்தது. கட்டணம் குறைந்தது, இடம் கூடவில்லை. பெயரை வந்திறங்கிய கிழமையே பதிய வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் மாலை ஆறு மணியளவில் மூடிவிடும்; பின்னேர ஷிப்றுக்காரனுக்கு அவை பாதி உதவிதான். எனவே வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாடசாலை, நூலகம், திறக்கக்கூடிய ஒரு கதவு இந்த மூன்றும் வேண்டும். ரொறன்ரோ நூலகத்துக்கு 100 கிளைகள். பலவற்றில் பாடசாலை விட்டபின் வீட்டுப்பாட உதவி உண்டு, தமிழ் நூல்களும் சில கிளைகளில் உண்டு. வரைபடத்தில் வரப்போகும் ரயில் பாதையை நம்பி வீடு எடுக்கக் கூடாது. 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயில் 2023 ஆடியில் தடம்புரண்ட நாளோடு நின்றது. அதற்குப் பதில் பஸ்தான் வந்தது.

பாடசாலைப் புள்ளி பற்றி அவரோடு வாதாட வேண்டியிருந்தது. வான்கூவரிலுள்ள பிரேசர் நிறுவனம் வெளியிடும் தரவரிசை, மாகாணம் மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடத்தும் பரீட்சை முடிவுகளிலிருந்து செய்யப்படுவது. அந்த முடிவுகள் பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் எவ்வளவு பிணைந்தவை என்பது பாடசாலைச் சபைக்குத் தெரியும். அதனால்தான் ரொறன்ரோச் சபை பெற்றோரின் வருமானத்தையும் கல்வியையும் வைத்துத் தனியே ஒரு சுட்டெண் தயாரித்து, எந்தப் பாடசாலைக்குக் கூடுதல் வளம் தேவை என்று பார்க்கிறது. புள்ளி குறைந்த எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஆசிரியர் இருந்தார், காலை உணவு இருந்தது. புள்ளி கூடிய பாடசாலையில் என் மகன்தான் அந்தத் தேவையுள்ள ஒரே பிள்ளை.

"அப்ப இடத்தாலை ஒண்டும் வராதோ சேர்?" என்று மாணவர் மடக்கினார். நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994இல் தொடங்கிய ஒரு பரிசோதனையில், கடும் வறுமைப் பகுதிகளின் குடும்பங்களுக்குச் சீட்டிழுப்பு மூலம் வேறிடம் போக வாடகை உதவி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை ராஜ் செட்டியும் தோழர்களும் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வயதுக்கு முன் வறுமை குறைந்த இடத்துக்குப் போனவர்கள் இருபதுகளின் நடுவில் 31 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். அதற்குப் பின் போனவர்களுக்கு நன்மையில்லை, சிறிது தீமைகூட. அந்தச் சேரிகளும் ஸ்காபரோவும் ஒன்றல்ல. ஆனால் வயதும் ஓரிடத்தில் தரித்திருக்கும் ஆண்டுகளும் எடைகூடியவை என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சிறுவயதில் மாறலாம், பதின்மூன்றில் பிள்ளையைப் பிடுங்கி நடக்கூடாது.

தரித்திருப்பதற்கு வாடகைச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2018 கார்த்திகை 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு ஆண்டு உயர்வு வரம்பு இல்லை. பளபளக்கும் புதிய கொண்டோவில் அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு என்பது வீட்டுக்காரரின் விருப்பம். உயர்ந்தால் பாடசாலையும் மாறும், சிநேகிதரும் மாறுவர். பழைய மாடியில் கரப்பான் உண்டு, லிப்ற் அடிக்கடி நிற்கும், ஆனால் அறைகள் பெரியவை, வாடகை வரம்புக்குள் நிற்கும். கரப்பானுக்கு மருந்திருக்கிறது.

வந்த பிறகு அவர் வீடு பார்த்தது பின்னேரங்களில். மூன்று பாடசாலை வாசல்களில் மூன்றரை மணிக்கு நின்று, பிள்ளைகளை யார் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். இரண்டாவது வாசலில் பேத்திமார் நிறையப் பேர் நின்றார்களாம். அதற்கு எதிரேயுள்ள மாடியில் நாலாம் தட்டில் இரண்டறை வீடு கிடைத்திருக்கிறது. முதலாந் திகதி சாவி. எங்களிடம் மகளின் பழைய கட்டில் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்க வேண்டும்.